மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளும் மடியிலுள்ள முதலும்

சென்ற மாதம் ராசிங்காபுரத்துச் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். பேரேடுகளைப் பார்த்து முடித்துக் காரியதரிசி வரவழைத்த தேநீரை அருந்திக்கொண்டிருந்த வேளையில் அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடன் உள்ளே வந்தார். அவருக்குப் போடிமெட்டுக்கு அப்பால் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகையில் இருக்கிறது. மகனுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். பட்டப் படிப்பை முடித்துவிட்டுத் தகப்பனாருடன் தோட்ட வேலையைப் பார்த்து வருகிறார்.

“ஐயா, தோட்டத்துக்குப் போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும். அப்பா சங்கத்தில் போட்டிருக்கும் ஒரு லட்ச ரூபாய் வைப்பை முறித்து வாங்குவதா, கடையில் தரும் தவணைக் கடனில் வாங்குவதா? நீங்களே சொல்லுங்கள்” என்றார் அவர்.

தகப்பனார் குறுக்கிட்டு, “பணம் கிடக்கட்டும் ஐயா. இவன் அந்தக் கல்பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்குவான் என்பதுதான் என் கவலை” என்றார்.

இருவர் கேட்டதும் நியாயமான கேள்விகளே. முதலாவது நான் பார்க்கும் உத்தியோகத்தைச் சேர்ந்தது. இரண்டாவது கல்லூரி நாள்களிலிருந்து எனக்கு ஈடுபாடுள்ள ஒரு விளையாட்டைச் சேர்ந்தது. அன்று அவர்களிடம் கூறியவற்றையும், வீடு திரும்பியபின் கணக்கிட்டு எழுதி அனுப்பியவற்றையும் மற்ற அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறேன். நெசவாள அன்பர்கள், மலைப்பாதை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிற்பகுதி அவர்களுக்கும் உரியது.

பொங்கல் விளையாட்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயம் நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடைசியில் வருபவரே வெற்றி பெற்றவர். காலைத் தரையில் ஊன்றியவர் போட்டியிலிருந்து நீங்க வேண்டும். இதே பந்தயத்தைப் பாறைகளும் ஓடைகளும் வேர்களும் நிறைந்த மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளைக் கொண்டு நடத்தினால் எப்படியிருக்குமோ, அதுவே மேனாடுகளில் டிரையல்ஸ் என்று வழங்கும் போட்டி. இதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. எல்லை கட்டிய ஒரு பகுதியைக் கால் ஊன்றாமல் கடந்தால் தண்டப் புள்ளி இல்லை. ஒருமுறை ஊன்றினால் ஒன்று, இருமுறைக்கு இரண்டு, மூன்று முறையோ அதற்கு மேலோ ஊன்றினால் மூன்று. விழுந்தாலும் எல்லையைத் தாண்டினாலும் ஐந்து. நாளின் முடிவில் தண்டப் புள்ளி குறைந்தவரே வென்றவர். ஸ்பெயின் தேசத்து டோனி போ என்பவர் 2007 முதல் 2024 வரை ஓராண்டும் விடாமல் இவ்விளையாட்டின் உலகப் பட்டத்தைத் தம்மிடமே வைத்திருந்தார்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத சீமை விளையாட்டு என்று எண்ணுவதற்கில்லை. சென்னைத் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையில் தயாரான புல்லட் வண்டியின் பின்சக்கரத் தொங்கமைப்பு இத்தகைய போட்டிகளிலேதான் முதலில் பரீட்சிக்கப்பட்டது. 1948இல் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பைப் போட்டிக்கு அந்நிறுவனம் மாதிரி வண்டிகளை அனுப்பியது. அக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரத்துக்கு வில்லே கிடையாது. சட்டத்தோடு இறுக்கிப் பிணைத்திருப்பார்கள். அதுவே சரிவில் பிடிப்பைத் தரும் என்பது ஓட்டுநர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிழையென்று பின்னர் தெரிந்தது. மேடுபள்ளத்துக்கு ஏற்பச் சக்கரம் ஏறி இறங்கினால்தான் டயர் மண்ணை விடாமல் பற்றும். ஜானி பிரிட்டன் என்ற வீரர் என்ஃபீல்டு வண்டியில் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டியை 1952இலும் 1957இலும் வென்றார். 1965இல் அதே போட்டியைச் சாமி மில்லர் என்பவர் இலேசான ஸ்பானிய வண்டி ஒன்றில் வென்றார். அதன்பின் கனமான வண்டிகளின் காலம் இவ்விளையாட்டில் முடிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியை அந்த இளைஞருக்கு அழுத்திச் சொன்னேன். அவர் மனத்தில் வரித்திருந்த வண்டியின் எடை 190 கிலோ. இன்றைய டிரையல்ஸ் வண்டி ஏறக்குறைய 70 கிலோதான். உட்காரும் இருக்கை என்று சொல்லத்தக்கதுகூட அதில் இல்லை, நின்றே ஓட்டுவார்கள். சரிவில் வண்டி சாயும்போது அதைத் தாங்குவது நமது ஒரு கால். 70 கிலோவைத் தாங்கும் கால் 190 கிலோவைத் தாங்காது. நம் சந்தைகளில் நாள்தோறும் காணும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டு 90 கிலோவுக்கும் குறைவானது. அதை ஏளனமாகப் பார்க்கும் வாலிபர்கள், எடை என்ற ஒன்றிலாவது அது உலகச் சாம்பியன்கள் ஏறும் வண்டிக்கு நெருங்கிய உறவு என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இனி வண்டியைப் பக்குவப்படுத்தும் முறை. முதலில் காற்று. போட்டி வண்டிகளில் முன் டயரில் 6 பவுண்டும் பின் டயரில் 4 அல்லது 5 பவுண்டும் வைப்பார்கள். டயர் தட்டையாகிக் கல்லை அணைத்துப் பிடிக்க வேண்டும் என்பது காரணம். இதைப் படித்துவிட்டு நம் சாதாரண வண்டியில் காற்றை இப்படி இறக்கிவிடலாகாது. நம்முடையவை ட்யூப் போட்ட, சுமை ஏற்றுகிற வண்டிகள். காற்று மிகக் குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவி ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும். கல்லில் மோதினால் ரிம் நெளியும். கம்பெனியார் கொடுத்த புத்தகத்தில் உள்ள அளவிலிருந்து இரண்டு மூன்று பவுண்டு குறைத்துக் கல்பாதையில் மெதுவாகச் செல்லலாம். தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும். கையடக்கப் பம்பு ஒன்றும் அழுத்தம் காட்டும் மானி ஒன்றும் இருக்கைக்கு அடியில் இல்லாவிட்டால் காற்றைக் குறைக்கவே வேண்டாம்.

அடுத்தது இழுவை. சரிவு ஏறத் திணறும் வண்டிக்குப் பெரிய எஞ்சின் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல் இருக்கிறதென்று கொள்வோம். அதை எடுத்துவிட்டு 13 பல்லுள்ளதைப் போட்டால் பின்சக்கரத்தில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது மிகை; 14ஐ 13ஆல் வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு எட்டுக்கும் சற்றுக் குறைவுதான். ஆயினும் முதல் கியரில் மனித நடை வேகத்தில் ஏறுவதற்கு அந்த எட்டே போதுமானது. உச்ச வேகம் அதே அளவு குறையும். தார்ச்சாலையில் பெட்ரோலும் சற்று அதிகம் செலவாகும். இம்மாற்றத்தைச் செய்யுமுன் விற்பனையாளரிடம் உத்தரவாதம் பாதிக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டத்தை அறுப்பது, சைலன்சரை மாற்றுவது போன்றவற்றை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஹேண்டில்பாரையும் பிடிகளையும் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஃபுட்ரெஸ்டின் மேல் எழுந்து நின்று பாருங்கள். முதுகு வளையாமல் கைகள் ஹேண்டில்பாரை எட்ட வேண்டும். கிளட்ச், பிரேக் பிடிகள் நீங்கள் நிற்கும் நிலையில் மணிக்கட்டு மடங்காதபடி சற்றுக் கீழ்நோக்கியிருக்க வேண்டும். ஒரு ஸ்பானரைக் கொண்டு ஐந்து நிமிஷத்தில் செய்துவிடக்கூடிய வேலை இது, காசு செலவில்லை. ஆனால் நாள் முழுவதும் மலையில் ஓட்டியவனுடைய கை மரத்துப்போவதும் போகாததும் இதைப் பொறுத்தது.

ஓட்டும் முறையை எழுத்தில் கற்பிக்க முடியாது. பழகுவதற்கு வேண்டியவற்றை மட்டும் சொல்லுகிறேன். கதிரடிக்கும் களம் ஒன்றில் பத்தடி இடைவெளியில் இரண்டு கற்களை வைத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். முதல் கியர், ஆக்சிலேட்டர் சிறிதளவு, மாறாமல், கிளட்ச் இரண்டு விரலில் பாதி பிடித்தபடி, வலக்கால் பின் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி. எஞ்சின் முன்னே இழுக்க, பிரேக் பின்னே இழுக்க, இவ்விரண்டுக்கும் நடுவில் வண்டி ஆடாமல் நிற்கும். மெதுவாகச் செல்லும் வித்தையின் பாதி இதுவே. பார்வை முன்சக்கரத்தின்மேல் இருக்கக்கூடாது. இரண்டு மூன்று கஜத்துக்கு அப்பால், சக்கரம் எங்கே போக வேண்டுமோ அங்கே இருக்க வேண்டும். கல்லைப் பார்த்தால் கல்லின்மீதே போய் முட்டுவீர்கள்.

மேடு ஏறும்போது வேண்டிய வேகத்தை மேட்டின் அடியிலேயே பெற்றுவிட வேண்டும். பாதி மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டும். எழுந்து நின்று, முழங்கால் மடக்கி, உடலை முன்னே சாய்த்துக்கொள்ளுங்கள்.

பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? இது எனக்கே நேர்ந்தது. குரங்கணிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகும் பாதையில் வண்டி நின்றதும் பதறிப்போய் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். எடையெல்லாம் பின்னே இருக்கையில் முன் டயருக்குப் பிடிப்பு ஏது? பூட்டிய சக்கரம் சரளையில் வழுக்க, வண்டியும் நானுமாகப் பின்னோக்கிச் சறுக்கிக் காப்பிச் செடிக்குள் போய் விழுந்தோம். எஞ்சின் நின்றால் கியரைப் போட்டபடியே விட்டுவிட வேண்டும். அதுவே பின்சக்கரத்துக்குப் பூட்டு. சரிவின் மேற்புறமுள்ள காலை ஊன்றி, அந்தப் பக்கமே இறங்கி, கிளட்சைச் சிறிது சிறிதாக விட்டுப் பிடித்து வண்டியைப் பின்னே இறக்கிக் குறுக்காகத் திருப்ப வேண்டும். பள்ளத்துப் பக்கம் இறங்கியவர்மேல் வண்டி விழும்.

இறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வருவதைச் சிலர் சிக்கனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சிக்கனத்தின் தன்மையைப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு உண்டு. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடிவிட்டால் அது பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. ஆகவே கியரில் இறங்குவதால் எண்ணெய் வீணாவதில்லை. பழைய வண்டிகளில் சிறிது செலவாகும் என்றாலும் அது சில ரூபாய்க்கு மேற்படாது. எஞ்சினை அணைத்தால் அதன் பிடிப்பு போய்விடுகிறது; முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் பிரேக் டிரம் சூடேறிக்கொண்டே வந்து, எந்த வளைவில் மிகவும் வேண்டுமோ அந்த வளைவில் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற லாரி ஓட்டுநர்களின் பழைய விதி இரு சக்கர வண்டிக்கும் பொருந்தும். கியரில்லாத மொபெட்டில் எஞ்சினின் பிடிப்பு குறைவு. ஆகையால் சுமையோடு இறங்கும்போது அடிக்கடி நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும்.

சுமையைக் கட்டுவதிலும் பிசகு நேர்கிறது. பச்சை ஏலக்காய் மூட்டையைப் பின்னிருக்கைக்கும் பின்னே, உயரமாகக் கட்டினால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும். மொபெட்டில் முன்னே கால் வைக்கும் இடத்தில் மூட்டை வைப்பது பார்வைக்கு அழகில்லை. எடைக்கு அதுதான் சரியான இடம். தலைக்கவசமும் கணுக்காலை மூடிய காலணியும் இல்லாமல் கல்பாதையில் இறங்கவேண்டாம். குத்தகைத் தோட்டத்தின் பாதையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதும் முக்கியம். ஒதுக்குக் காடுகளுக்குள் அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம்.

இவ்வளவையும் கேட்டபின் தகப்பனார் முகம் சற்றுத் தெளிந்தது. மகனின் முகம் வாடியது. அவர் எண்ணியிருந்த வண்டி கைநழுவுவதை உணர்ந்துவிட்டார். பிறகு பணத்தின் பேச்சுக்கு வந்தோம்.

கடைக்காரர் சொன்ன கணக்கு இது: ஒரு லட்ச ரூபாய் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி, 36 தவணை, மாதம் 3,611 ரூபாய். “பத்து வட்டி நியாயம்தானே ஐயா?” என்று இளைஞர் கேட்டார். இக்கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் ஆம் என்றே சொல்லியிருப்பேன். உத்தியோகத்துக்கு வந்த புதிதில் இதே மாதிரிக் கடனில் வண்டி வாங்கி, கூட்டுறவுக் கல்வி பெற்ற நானே மூன்றாண்டு கட்டிய பிறகுதான் ஏமாற்றத்தை உணர்ந்தேன். அந்தப் பத்து விழுக்காடு முதல் நாளில் வாங்கிய முழு ஒரு லட்சத்துக்கும் மூன்றாண்டுகளுக்கும் போடப்படுகிறது: 30,000 ரூபாய். ஆனால் மாதந்தோறும் முதலைத் திருப்பிக் கட்டி வருகிறோமே? பதினெட்டாம் மாதத்தில் ஏறக்குறைய பாதிக் கடன்தான் நம் கையில் இருக்கிறது. வட்டி மட்டும் முழுத் தொகைக்கு ஓடுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி என்று நம் சங்கங்களில் போடும் முறைப்படி கணக்கிட்டால், இதே 3,611 ரூபாய்த் தவணை ஏறக்குறைய 18 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். ஆகவே கடன் கொடுப்பவர் யாராயினும் வட்டி ‘நிலுவைக்கா, முழுத் தொகைக்கா’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அதே 3,611 ரூபாயை மாதந்தோறும் தொடர் வைப்பில் ஆறரை விழுக்காட்டு வட்டிக்குப் போட்டு வந்தால் 26 மாதங்களில் ஒரு லட்சம் சேர்ந்துவிடும். கடனில் வாங்கியவர் அதன்பிறகும் பத்துத் தவணை, அதாவது 36,110 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் நேர்மையாகப் பார்த்தோம். போகவர எண்பது கிலோமீட்டர் என்றார். மலையில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்றும் லிட்டர் நூறு ரூபாய் என்றும் கொண்டால் ஒரு நாளுக்கு 200 ரூபாய் பெட்ரோல். இப்போது பஸ்ஸுக்கும் ஜீப்புக்கும் சேர்த்து அவருக்கு ஆகும் செலவு 180 ரூபாய். இன்ஷூரன்ஸ், டயர், பழுதுபார்ப்பு எல்லாம் தனி. ஆக, கூலி மிச்சமாகும் என்று அவர் வீட்டில் சொல்லிவந்த வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. உண்மையான ஆதாயம் வேறிடத்தில் இருந்தது: தோட்டத்துக்குள் ஸ்டோர் வரையுள்ள இரண்டு கிலோமீட்டர் கல்பாதையில் பச்சைக்காய் மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக அவர் கொடுத்துவரும் கூலி. அதற்குப் பெரிய மோட்டார் சைக்கிள் தேவையே இல்லை.

வைப்பை முறிப்பது பற்றிய கேள்வி மீதியிருந்தது. அவ்வீட்டில் அந்த ஒரு லட்சத்தைத் தவிர ரொக்கம் இல்லை. ஏலக்காய் விளைவிப்போருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயை எட்டியது, 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. விலை ஏறிய ஆண்டில் ஜீப் வாங்கியவர்களில் சிலர் இறங்கிய ஆண்டில் அதை விற்றார்கள். அறுவடை ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசியோடு முடிந்துவிடுகிறது. மற்ற மாதங்களுக்கும் சாப்பிட வேண்டும். உரமும் வாங்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்குரிய பணம் கையெட்டும் தூரத்தில் இல்லாத குடும்பம் வேறெந்த முதலீட்டையும் பற்றிப் பேச வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பணத்துக்கு வட்டி குறைவாயிருந்தாலும் குற்றமில்லை. நகைக்கடனோ கந்துவட்டிக் கடனோ இருந்தால் அதை அடைப்பதே முதல் முதலீடு. 18 விழுக்காட்டுக் கடனை அடைப்பவனுக்கு 18 விழுக்காடு உறுதியாகக் கிடைக்கிறது. அப்படித் தரும் வைப்பு எங்கும் இல்லை.

எங்கே போடுவது? இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கூட்டுறவுத் துறையைச் சேர்ந்த நான் இதை எழுதுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நம் மலைக்கு அப்பால், கோட்டயம் மாவட்டத்துப் பாலாயில் இருந்த பாலாய் சென்ட்ரல் வங்கி 1960 ஆகஸ்டில் மூடப்பட்டது. வைப்பாளர்கள் பட்ட துயரத்தைக் கண்டு 1961இல் சட்டம் இயற்றி, 1962 சனவரி முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையே காப்பு. 2020 பிப்ரவரியில் அது 5 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரே வங்கியின் எத்தனை கிளைகளில் போட்டிருந்தாலும் முதலும் வட்டியும் சேர்த்து மொத்தம் இவ்வளவே. இந்தக் காப்பீடு வணிக வங்கிகளுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி போன்ற கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. நம் கிராமத்துத் தொடக்கச் சங்கங்களுக்கு இல்லை.

இதனால் சங்கத்தில் பணம் போடவேண்டாம் என்று நான் சொல்லுவதாக எவரும் கொள்ளலாகாது. சங்கத்தில் வைப்புப் போடுபவர் வெறும் வாடிக்கையாளர் அல்லர், உரிமையாளர். வங்கிக்குக் காப்பீடு காவல் என்றால் சங்கத்துக்கு அங்கத்தினரின் கண்ணே காவல். பொதுச் சபைக் கூட்டத்தில் தேநீருடன் எழுந்துவிடாமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தவணை தவறிய கடன் மொத்தக் கடனில் எத்தனை விழுக்காடு? சென்ற தணிக்கையில் சங்கத்துக்கு என்ன வகுப்புக் கொடுக்கப்பட்டது? சேமநிதி எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது? ராசிங்காபுரத்தில் நான் பார்த்த பத்தாண்டுத் தீர்மானப் புத்தகத்தில் இக்கேள்விகளுள் ஒன்றுகூட ஒருமுறையும் பதிவாகவில்லை. பஞ்சாயத்தாரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை, கேட்காதவர்கள் அங்கத்தினர்கள்.

நெசவாள அன்பர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடித்தால் அரசாங்கம் 4 காசு சேர்க்கிறது. போட்ட அன்றே பாதி மடங்கு கூடும் முதலீடு வேறெங்கே உண்டு? அப்படியிருந்தும் சக்கம்பட்டிப் பக்கம் தறிகாரர் ஒருவர் இந்தப் பிடித்தத்தை ‘வெட்டு’ என்றே என்னிடம் குறிப்பிட்டார். கையில் வரும் கூலி குறைகிறதே என்ற கண்ணோட்டத்தில் அவருக்கு அது வெட்டுத்தான்.

தபால் நிலையத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. பொதுச் சேமநல நிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை செலுத்தலாம். ஆனால் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மகளின் படிப்புக்கோ முதுமைக்கோ உரிய பணம் அங்கே போகலாம். அடுத்த உரத்துக்குரிய பணம் போகலாகாது.

பங்குச் சந்தையைப் பற்றியும் இளைஞர் கேட்டார். செல்பேசியில் அவர் நண்பர்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்களாம். மும்பைச் சந்தைக் குறியீடு 2020 சனவரியில் 42,000ஐத் தாண்டியது. மார்ச் 23ஆம் தேதி 26,000க்குக் கீழே விழுந்தது. நவம்பரில் மீண்டும் பழைய உயரத்தைக் கடந்தது. மார்ச் மாதத்தில் வீட்டுச் செலவுக்குப் பணம் இல்லாமல் விற்றவர் போட்டதில் ஐந்தில் இரண்டு பங்கு வரை இழந்தார். விற்கவேண்டிய அவசியம் இல்லாதவர் எதையும் இழக்கவில்லை. இருவரும் வாங்கியது அதே பங்குகளைத்தான். ஆதலால் ஏழெட்டு ஆண்டுக்குத் தேவைப்படாத பணம் இருந்தால், பல கம்பெனிகளின் பங்குகளை ஒருங்கே வைத்திருக்கும் பரஸ்பர நிதியில் மாதம் 500 ரூபாய் போட்டுப் பழகலாம். செபி அமைப்பில் பதிவு பெற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாள்தோறும் வாங்கி விற்பது விவசாயிக்கு ஏற்ற தொழிலன்று.

மாதத்துக்கு இத்தனை ரூபாய் ‘உறுதி’ என்று வருகிறவர்களிடம் மட்டும் விவாதமே வேண்டாம். 2012இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது நிலத்தை விற்றுப் பணம் கட்டியிருந்த விவசாயிகள் எத்தனை பேர்! வைப்பாளர் நலனைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. சட்டம் குற்றவாளியைப் பிடிக்கும்; பணம் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

ராசிங்காபுரத்து விஷயம் எப்படி முடிந்ததென்று சொல்லிவிடுகிறேன். வைப்பை முறிக்கவில்லை, அதன் ஈட்டின்பேரில் சங்கத்திலேயே 45,000 ரூபாய் கடன் வாங்கினார்கள். நிலுவைக்கு 9 விழுக்காடு வட்டி. கடைக்காரருக்குக் கட்ட ஒப்புக்கொண்டிருந்த அதே 3,611 ரூபாயைக் கட்டினால் பதினான்காம் மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். தீர்ந்த பின்னரும் அத்தொகையை நிறுத்தாமல் தொடர் வைப்பில் போடுவதாகத் தகப்பனார் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய மொபெட்டு ஒன்று வந்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவ்வழியே சென்றபோது களத்தில் இரண்டு கற்களை வைத்து இளைஞர் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் நின்ற தகப்பனார், மகன் கால் ஊன்றுவதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் பார்த்தவரையில் நான்கு.